உ.வே.சா.வின் ஞாபகமும் அம்மாவின் ரிமைண்டரும்

'என் சரித்திர'த்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "அந்த வயசுல என்ன ஞாபக சக்தி பாருங்க!" என்பார். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் அந்தத் தொடர் ஆரம்பித்தபோது உ.வே.சா.வுக்கு 85 நெருங்கிக்கொண்டிருந்தது. ஆச்சரியம்தான். ஆனால் இந்தப் பாராட்டு அவருடைய உழைப்பை மறைத்துவிடுகிறது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த வருஷங்கள்தான் அந்தப் புத்தகத்தின் உயிர். அதே வருஷங்களை, 1933, 34இல் இரண்டு பாகமாக வந்த ஆசிரியர் சரித்திரத்துக்காக அவர் ஏற்கெனவே ஒருமுறை தோண்டி எடுத்தாயிற்று. வந்த கடிதங்களையும் பத்திரப்படுத்தியவர். பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் அவை இருக்கின்றன. எங்கள் தொழில் பாஷையில், பேக்கப்பும் இண்டெக்ஸும் உள்ள டேட்டாபேஸ்.

தன்னால் முடியும் என்று நம்புகிறவர் கூடுதலாக முயல்வார், அதனால் நன்றாகச் செய்வார் என்பது ஆல்பர்ட் பண்டூராவின் வாதம். முதியோரின் ஞாபகத்துக்கும் இதைப் பொருத்துகிறார்கள். ஆனால் 2011இல் பூதுவா, தெஸ்ரிஷார் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஞாபகத்தின் மேலுள்ள நம்பிக்கைக்கும் உண்மையான ஞாபகத்துக்கும் ஒட்டுறவு 0.15தான். வர்க்கப்படுத்தினால் சுமார் 2 சதவீதம். இதை வைத்துக்கொண்டு "நம்பிக்கையா இருங்க, ஞாபகம் தானா வரும்" என்று பெரியவர்களிடம் சொல்வது ரொம்ப ஓவர்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ரஹால் குழுவின் 2001 ஆய்வு. 'இது ஞாபகப் பரிசோதனை' என்று அழுத்திச் சொன்னபோது முதியவர்கள் இளைஞர்களைவிடப் பின்தங்கினார்கள். அப்படி அழுத்தாதபோது வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மாறியது பயமா, முயற்சியா? அந்த முடிவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதை ஏன் நோண்டுகிறேன் என்றால், மயிலாப்பூரில் அம்மாவுக்கு 76. போன வருஷம் ஒருநாள் மாத்திரையை மறந்தாள். நான் உடனே போனில் எல்லாவற்றுக்கும் ரிமைண்டர் வைத்தேன்: மாத்திரை, பால் கணக்கு, ஏகாதசி வரை. இப்போது எதைக் கேட்டாலும், "எனக்கெங்கடா ஞாபகம்? போனைப் பாரு." யோசித்துக்கூடப் பார்ப்பதில்லை. நம்பிக்கை போய் முயற்சி நின்றதா, நான் முயற்சியைப் பிடுங்கியதால் நம்பிக்கை போனதா? 0.15 திசையைச் சொல்லாது.

மாத்திரை ரிமைண்டரை எடுக்க மாட்டேன். அதில் சோதனை செய்து பார்க்க முடியாது. ஏகாதசியை மட்டும் அழித்தேன். முந்தாநாள், "எப்போம்மா ஏகாதசி?" என்று சும்மா கேட்டேன். அமாவாசையிலிருந்து விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். பஞ்சாங்கத்தில் பார்த்தால் ஒரு நாள் பிசகு. போனைப் பார்க்கச் சொல்லவில்லை.