கல்லில் உள்ள பெயரும் கல்லில் இல்லாத பெயர்களும்: பதுளை சென் மார்க் தேவாலயம் பற்றிய ஒரு நோக்கு

தெமோதரையைக் கடந்து பதுளையை அடைவோர் காணும் பழைய கட்டடங்களுள் சென் மார்க் தேவாலயம் குறிப்பிடத்தக்கது. மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்ட இது, கொழும்பின் முதல் அங்கிலிக்கன் மேற்றிராணியாரான ஜேம்ஸ் சப்மனால் 1857இல் அபிஷேகஞ் செய்யப்பட்டது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக விளங்கிய றோஜர்ஸ், 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். 1,400 யானைகளைக் கொன்றவர் இடியால் மாண்டார் என்னும் கதையிலேயே பலரது நோக்கு நின்றுவிடுகின்றது. கதை சுவையானது, ஆயின் கட்டடத்தை விளக்குதற்கு அது போதாது.

இத்தகைய தேவாலயங்களை மதிப்பிட அவற்றின் மூல மரபை நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் பிற்காலக் கொதிக் பங்குக் கோயில்கள் பல, 15ஆம் நூற்றாண்டின் கம்பளி, துணி வாணிகச் செல்வத்தால் எழுந்தவை. கூர்நுனி வளைவும் உதைசுவரும் பாரத்தைத் தாங்கியமையாற் சுவர்களிற் பெருஞ் சாளரங்களைத் திறத்தல் இயன்றது. மங்கிய வடபுல ஒளியை உள்ளே கொணர்தலே அவ்வடிவத்தின் நியாயம். சபோக்கிலுள்ள லோங் மெல்பேட் கோயிலின் வெளிச்சுவரிற் பொருள் வழங்கியோரின் பெயர்கள் இன்றும் வாசிக்கத்தக்கன.

19ஆம் நூற்றாண்டின் கொதிக் மறுமலர்ச்சி அம்மரபைக் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டு சென்றது. வெயில் மிகுந்த மண்ணில் அவ்வடிவம் ஒளியின் தேவையன்று; பிறந்த ஊரின் நினைவேயாகும். கம்பளியின் இடத்தை இங்கு கோப்பி பெற்றது. அக்கோப்பியை விளைவித்தோர் மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்களுக்கென 1854இல் தொடங்கிய சமயப்பணி ‘தமிழ்க் கூலி மிசன்’ எனப் பெயர் பெற்றமை, அவர்கள் எவ்வாறு நோக்கப்பட்டனர் என்பதைக் காட்டும். அதிகாரியின் பெயர் நினைவுக்கல்லில் நிலைத்தது. உழைத்தோரின் பெயர்கள் கல்லேறவில்லை.

இதனாற் கட்டடத்தை வெறுத்தொதுக்குதல் முறையன்று. 1921இல் தெமோதரைக்கு அண்மையில் உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் போன்று, இதுவும் ஊவாவின் வரலாற்றுச் சான்றே. ஆயின், கூரையையும் கல்வெட்டையும் காப்பதோடு மரபு பேணல் நிறைவுறாது. அச்செல்வத்தை விளைவித்தோரின் வரலாறும் உடன் எழுதப்படல் வேண்டும். தமிழிற் ‘பங்கு’ என்பது ஒரு கோயிலைச் சார்ந்த மக்களையும் குறிக்கும். உரிமையான கூறினையும் குறிக்கும். இரண்டாவது பொருள் நிறைவேறும்பொழுதே முதலாவது பொருள் முழுமையுறும்.