வளர்ச்சியும் தளர்ச்சியும்

உலகில் திறன்பேசியின் வளர்ச்சி தளர்ந்துவிட்டது என்னும் செய்தி அண்மை ஆண்டுகளில் பலகால் வெளிவந்துள்ளது. தளர்ந்தது எது? விற்பனையா, பயன்பாடா? இவ்வினாவை எழுப்பாமலே எழுதப்பெறும் கட்டுரைகள் மிகுதி.

வளர்தல் வேறு, வளரும் விரைவு வேறு. ஓராண்டில் நான்கு விரற்கடை உயர்ந்த பிள்ளை மறு ஆண்டில் ஒரு விரற்கடையே உயர்ந்தால், பிள்ளை குறுகிவிட்டான் என்று எந்தத் தாயும் கூறமாட்டாள். திறன்பேசி என்னும் அழகிய சொல்லை ஆக்கிக்கொண்ட தமிழுக்கு, வளர்ச்சி வீதம் என்னும் எளிய சொல்லை உரிய இடத்தில் ஆள்வது அரிதோ!

2007இல் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோனை விற்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டுக் கருவி 2008இல் வந்தது. ஐடிசி நிறுவனத்தின் கணக்குப்படி, 2010இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பெற்ற திறன்பேசிகள் ஏறத்தாழ 30 கோடி. 2016இல் 147 கோடி. 2017இல் அத்தொகை முதன்முறையாகச் சற்றே சரிந்தது. 2023இல் 117 கோடி அளவிற்கு இறங்கி, 2024இல் 124 கோடியாயிற்று. இவை ஆண்டுதோறும் புதிதாய்ச் சந்தைக்கு வந்தவை. மக்கள் கையில் உள்ளவற்றின் தொகை அன்று. பழைய கருவி நெடுநாள் உழைத்தால் புதியது விற்பது குறையும். பயன்படுத்துவோர் குறைந்தார் என்பது அதற்குப் பொருளாகாது. 2018இன் இறுதியில் ஆப்பிள் நிறுவனமே, இனி விற்ற எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என அறிவித்தது.

இதனினும் பெரும்பிழை, சந்தை நிறைந்துவிட்டது என்பது. நிறைவு என்பது உண்டு எழுந்தவன் சொல். பந்தியில் இடம் பெறாதவனைக் கேட்டால் வேறு விடை வரும். விற்பனை முதலில் சரிந்த 2017இல் மாந்தருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இணையத்திற்கு வெளியே இருந்தனர். 2024இல் அவர் மூன்றில் ஒரு பங்காய்க் குறைந்தனர். எனினும் தொகை 260 கோடி என அவ்வாண்டில் மதிப்பிட்டது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். விற்பனை தளர்ந்த அதே ஆண்டுகளில்தான் இத்துணைப் பேர் புதிதாய் உள்ளே வந்துள்ளனர். அவருள் மிகப் பலருக்கு வாயில் கைப்பேசியே.

வெளியே நின்றோர் வேண்டாமென்று நின்றவரல்லர். 2017இல் ஐஃபோன் 10 அமெரிக்காவில் 999 டாலருக்கு வந்தது. அதே ஆண்டில் இந்தியாவில் 1,500 ரூபாய் முன்பணத்திற்கு ஜியோஃபோன் தரப்பெற்றது. பொத்தான்கள் கொண்ட எளிய கருவி அது; ஆயினும் இணையம் காட்டியது. அதனை வாங்கியவரைச் சந்தைக் கணக்கர் திறன்பேசிப் பட்டியலில் சேர்க்கவில்லை.