காதலும் புற்றுநோயும்: ஒரு நாவலைப் பற்றி

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் ஒரு மாணவி வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். முந்திய இரவு கைபேசியில் ஒரு படம் பார்த்தாளாம். "சார், இந்தச் சீக்கு வந்தா எல்லாரும் செத்துத்தான் போவாங்களா?" என்று கேட்டாள். அவள் கேள்விக்குக் காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் பார்த்த படம் 'தில் பேச்சாரா'. 2020-இல் வெளிவந்த இந்திப் படம். கதாநாயகிக்குத் தைராய்டில் புற்றுநோய். கதாநாயகன் எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவன், போதாக்குறைக்கு ரஜினிகாந்தின் தீவிர ரசிகன். ஜான் கிரீன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012-இல் வெளியிட்ட 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்னும் நாவலே இதற்கு மூலம். அம்மாணவிக்காகவே அந்த நாவலைத் தேடிப் படித்தேன். அறிவியல் ஆசிரியன் காதல் கதைக்கு விமர்சனம் எழுதலாமா என்று வாசகர்கள் கேட்கலாம். நோயைப் பற்றிப் பாடநூலைவிடக் கதைகளே நம் மக்களுக்கு அதிகம் கற்பிக்கின்றன. ஆகவே அவை என்ன கற்பிக்கின்றன என்று பார்ப்பது நம் கடமை.

மறைத்தலும் அறிதலும்

நம் திரைப்படங்களுக்குப் புற்றுநோய் புதிதன்று. 1982-இல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய இரண்டையும் அறியாதார் இல்லை. இரண்டிலும் நாயகன் தன் நோயை மறைக்கிறான். காதலியைத் தன்னிடமிருந்து விரட்ட நாடகம் ஆடுகிறான். அவளுக்கும் சேர்த்து அவனே முடிவு செய்துவிடுகிறான். இதைத் தியாகம் என்று நாம் கண்ணீர் விட்டோம்.

கிரீனின் நாவலில் இருவரும் சந்திப்பதே நோயாளிகள் கூடிப் பேசும் ஒரு கூட்டத்தில்தான். ஒருவர் நோய் மற்றவருக்கு முதல் நாளே தெரியும். நாயகி ஹேசலும் தன்னால் பிறர் காயப்படுவர் என்று அஞ்சி விலகத்தான் பார்க்கிறாள். ஆனால் காரணத்தை மறைக்காமல் சொல்கிறாள். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அகஸ்டஸுக்குக் கிடைக்கிறது. நாவலின் உயர்ந்த பண்பு இதுவே என்பேன்.

அறிவியல் எவ்வளவு சரி?

ஹேசலின் மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய். வெளியே செல்கையில் சிறு உருளையை இழுத்துச் செல்கிறாள். வீட்டில் மின்கருவி. இக்கருவி காற்றைச் சியோலைட் என்னும் கனிமப் பொருளின் வழியே அழுத்திச் செலுத்தும். அது நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, பெருமளவு ஆக்சிஜனே வெளிவரும். நோயாளியின் நடமாட்டம் உருளையின் கொள்ளளவுக்குக் கட்டுப்பட்டது என்பதை நாவல் நன்கு உணர்த்துகிறது.

ஹேசலின் உயிரைக் காக்கும் மருந்து முழுக் கற்பனை. ஆசிரியரே நூலின் இறுதியில் இதை ஒப்புக்கொள்கிறார், அது நேர்மை. ஆனால் உண்மையான அற்புதம் ஒன்றை அவர் விளக்காமல் விட்டது எனக்குக் குறையே. தைராய்டுச் சுரப்பி அயோடினை ஈர்ப்பது. எனவே கதிரியக்க அயோடின்-131-ஐ விழுங்கச் செய்தால், உடலில் எங்கோ பரவியிருக்கும் தைராய்டுப் புற்றணுக்களையும் அது தேடிச் சேரும். அதன் பீட்டாக் கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் சுற்றுப்புறத் திசு பெரும்பாலும் தப்பும். இம்முறையால், நோய் நுரையீரலுக்குப் பரவிய இளைஞர்களிலும் பெரும்பாலோர் பல்லாண்டு வாழ்கின்றனர். எல்லோரும் அல்லர், இந்நூல் காணிக்கையாக்கப்பட்ட எஸ்தர் ஏர்ல் என்ற பெண் இந்நோயால் 2010-இல் தம் 16-ஆம் வயதில் மறைந்தார்.

இச்சிகிச்சையில் நோயாளியைச் சில நாள் தனியறையில் வைப்பார்கள். அயோடின் வெளிவிடும் காமாக் கதிர் பிறர்மேல் படாதிருக்கவே இந்த ஏற்பாடு. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அன்று.

நூற்றில் எத்தனை?

அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள். கோடிக்கணக்கான அணுக்களில் பாதி 8 நாளில் சிதையும் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு தனி அணு இன்று சிதையுமா, ஒரு மாதம் கழித்துச் சிதையுமா என்று எவராலும் சொல்ல முடியாது. நோய் விவரமும் இத்தகையதே. பரவாத நிலையில் கண்டறியப்பட்ட எலும்புப் புற்றில், நல்ல சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டைக் கடக்கின்றனர். ஆனால் எந்த மனிதனும் நூற்றுக்கு எழுபது பங்கு உயிரோடிருப்பதில்லை. இருப்பான், அல்லது இருக்கமாட்டான். எண் கூட்டத்துக்குரியது, துயரம் தனி மனிதனுக்குரியது. இந்த உண்மையை நாவல் வகுப்பறையைவிட நன்றாகச் சொல்கிறது.

ஒரு கணக்குப் பிழையும் உண்டு. 0-க்கும் 1-க்கும் இடையே உள்ள எண்களைவிட 0-க்கும் 2-க்கும் இடையே உள்ளவை பெரிய முடிவிலி என்று ஹேசல் கருதுகிறாள். முதல் தொகுதியின் ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் பெருக்குங்கள். இரண்டாம் தொகுதியின் எண்களோடு ஒன்றுக்கொன்று இணை சேர்ந்துவிடும். இரண்டும் சமமே. முடிவிலிகளில் பெரிது சிறிது உண்டு என்பது மட்டும் மெய்; அதை நிறுவியவர் கேன்டர்.

கதைகள் சொல்லாதது

1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் புற்றுநோயாளி பிழைத்துக்கொள்கிறார். இருபது ஆண்டு கழித்து வந்த நாயகர்கள் மாண்டனர். மருத்துவமோ எதிர்த்திசையில் நடந்தது. 1948-இல் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அம்மருந்தை அளித்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. குழந்தைகளுக்கு வரும் கடும் இரத்தப் புற்றின் முக்கிய வகையில் இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கின்றனர். பிழைத்து, படித்து, மணந்து, பிள்ளை பெற்று வாழும் காதல் கதையை எழுதுவார்தாம் குறைவு. கிரீனின் நாவலும் சாவில்தான் தன் வலிமையைத் தேடுகிறது.

இதனால் என்ன கேடு? அம்மாணவியின் தம்பிக்கு இரண்டு மாதமாக முழங்காலில் வலியும் வீக்கமும் இருந்தன. வளரும் பருவத்தில் எலும்புப் புற்று பெரிதும் முழங்காலருகேதான் தோன்றும். வீட்டில் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டிருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தீர்களா என்றேன். "ஏதாவது பேரு சொல்லிருவாங்களோன்னு அம்மா பயப்படுறாங்க சார்" என்றாள். அன்று மாலையே அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். விளையாட்டில் பட்ட அடிதான் என்று தெரிந்தது. நல்லதாயிற்று. வேறாக இருந்திருந்தால், அந்த இரண்டு மாதத்துக்கு யார் பொறுப்பு?

நாவலின் பெயர் ஷேக்ஸ்பியரின் நாடக வசனம் ஒன்றை மறுக்கிறது: குற்றம் நம் நட்சத்திரங்களில்தான் என்கிறது. உயிரணு பிளவுபடும்போது மரபுச் செய்தியைப் படியெடுப்பதில் நேரும் பிழைகளே புற்றுக்கு வித்து. இளையோர்க்கு வரும் புற்றில் பெரும்பாலும் நட்சத்திரத்தையோ நோயாளியையோ நோகக் காரணமில்லை. ஆனால் காலம் தாழ்த்துவது நம் குற்றம். நாவலைப் படியுங்கள், கண்ணீரும் விடுங்கள். வலி வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் கதையை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.