ஈன்ற முயலுக்கும் அதே கிண்ணமா?

முயல் பண்ணைப் பயிற்சிகளில் இப்போது ஓங்கி ஒலிக்கும் பாடம், அடர்தீவனத்தை அளந்து ஒரே வேளை போடுவது. அதில் உண்மை இருக்கிறது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குச் சில வாரம் தீவனத்தைக் குறைத்தால் கழிச்சல் சாவு குறைகிறது. பிறகு வயிறார வைத்தால் விட்ட எடையில் பெரும்பங்கை மீட்டுவிடுகின்றன. 1990களின் பிற்பகுதியில் குடல்நோய் பரவிய பிரான்சில் இது பண்ணை வழக்கமாகவே நிலைத்தது. கொழுத்த பெண் முயல் எளிதில் சினை பிடிக்காது என்பதும் சரிதான்.

ஆனால் அந்தக் கொழுத்த முயலைக் காட்டியே, பால் கொடுக்கும் தாய்க்கும் அதே கிண்ணத்தை அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முயல் பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. மூன்றாம் வாரத்தில் பெரிய இனத் தாய் நாளுக்கு 200 கிராமுக்கு மேல் சுரக்கும். தீவனம் குவிந்து கிடந்தாலே அதற்கு ஈடாகத் தின்ன முடியாமல் தன் உடம்பைக் கரைக்கும் உயிர் அது. அதையும் அளந்து போட்டால் எதைக் கரைக்கும்?

ஈனும் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாய் பால் கொடுப்பது பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடம்தான். நிறையக் குடித்த குட்டிக்கு வயிறு உருண்டு, மெல்லிய தோல் வழியே பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காததன் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கும். கிண்ணத்தில் மிச்சம் பிடித்த தீவனத்தின் விலை அங்கே எழுதியிருக்கிறது.

அடுத்த அடி சினையில் விழுகிறது. இளைத்த தாயை ஆண் முயலின் கூண்டில் விட்டால் மூலையில் ஒடுங்கி வாலை அழுத்திக்கொள்ளும். முயலுக்குச் சேர்க்கை நடந்தால்தான் கருமுட்டையே வெளிவரும். மறுத்தால் அந்த ஈற்று தள்ளிப்போயிற்று. பண்ணையாளரோ வெயிலைச் சொல்வார், ஆண் முயலைச் சொல்வார், கடைசியில் மலடு என்று கறிக்கு அனுப்புவார். கிண்ணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த ஒரு வேளையும் ஆள் வரும் காலை நேரமாக அமைந்துவிடுகிறது. முயலோ மாலையிலும் இரவிலும் மேயும் பிராணி. சமவெளி வெயிலில் பகல் முழுக்கக் கிண்ணத்தைத் தொடாமலே கிடக்கும்.

ஈன்ற நாள் முதல் அளவைப் படிப்படியாக ஏற்றி, மூன்றாம் வாரத்தில் கிண்ணம் இரவிலும் காலியாகாதபடி வையுங்கள். உடம்பு தேறிய பிறகும் அது ஆண் முயலை மறுத்தால், அப்போது கழிப்பதைப் பற்றிப் பேசலாம்.