சிற்றில் சிதைத்த கை

உடன் விளையாடிய சிறுவனும் சிறுமியும் வளர்ந்து காதலராவது இன்றைய கதைகளிலும் திரைப்படங்களிலும் பெருவழக்காகிய பொருள். தமிழுக்கு இது புதிதன்று. குறுந்தொகையின் 229ஆம் பாட்டு இதனையே பேசுகிறது. உடன்போக்கில் செல்லும் இருவரை வழியிற் கண்டோர் கூற்றாக மோதாசனார் அதனைப் பாடினார். அவன் அவள் கூந்தலைப் பற்றி இழுப்பான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்திழுத்து ஓடுவாள். செவிலியர் தடுத்தும் பூசல் ஓயாது. அவ்விருவரையே இன்று இணைத்து வைத்த ஊழைக் கண்டோர் வியக்கின்றனர்.

பேசுவோர் யார் என்பதே இப்பாட்டில் நோக்கத்தக்கது. அவர்கள் அப்பிள்ளைகளின் பழம்பூசலையும் அறிந்தவர்கள். மலாக்காவின் நியாலாஸ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. லயத்தில் அடுத்தடுத்த வாசல்; ஒரே குழாயடி; ஒரே தமிழ்ப்பள்ளி. அங்கே லயம் முழுவதுமே கண்டோர்தாம். நேற்றுவரை ‘அண்ணே’ என்றழைத்தவனை இனி எப்படி அழைப்பது என்ற இடர்ப்பாட்டிலேயே ஒரு நல்ல சிறுகதை இருக்கிறது.

கபிலரின் குறிஞ்சிக்கலியில் (கலித்தொகை 51) வருபவனும் அத்தகையவனே. தெருவில் மணல்வீட்டைக் காலாற் சிதைத்தவன், கோதையைப் பறித்தவன், பந்தைக் கவர்ந்து ஓடியவன். பின்னொருநாள் தண்ணீர் கேட்டு வந்து, கொடுத்தவளின் கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடிவந்ததும், நீர் விக்கினான் என்று பொய் சொல்கிறாள். காதல் பிறந்தது கைபற்றியபோதன்று, அப்பொய் பிறந்தபோதுதான்.

2018இல் வெளிவந்த, பிரேம்குமார் இயக்கிய ‘96’ என்னும் படத்தை இவற்றோடு வைத்துப் பார்த்தல் தகும். தஞ்சைப் பள்ளித் தோழர் இராமும் ஜானுவும் இருபத்திரண்டு ஆண்டுகட்குப்பின் சந்திக்கின்றனர். பள்ளியில் அவள் அவன் மார்பில் கைவைத்தவுடன் அவன் மயங்கி விழுகிறான். மென்மைதான், ஆயினும் இங்கே பூசல் இல்லை, மணல்வீட்டை உதைத்த கால் இல்லை. இளமை ஒரு கோயிற்சிலையாகிவிட்டது. தொட அஞ்சியவன் தொடாமலே இழக்கிறான் என்பதிற் காவியச் சோகத்தைவிடக் கோழைமை மிகுதி.

எனினும் ஓரிடத்தில் இப்படம் கபிலர்க்கு அருகில் வருகிறது. இராமின் மாணவியர் ஜானுவை அவன் மனைவியெனக் கருதிக் காதற்கதை கேட்கின்றனர். அவள் மறுக்கவில்லை. கல்லூரிக்கு வந்த அவனைத் தான் கண்டு சேர்ந்ததாக, நடவாத ஒன்றை நடந்ததுபோற் சொல்கிறாள். கலித்தொகைப் பெண்ணின் பொய் இனி வரப்போகும் காதலைக் காத்தது. இவள் பொய்க்குக் காத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. கேட்டிருந்த இராம் வாய்திறவாது நிற்கிறான்.