முக்கால் சென்டிமீட்டர் ஆழம்

1959இல் மொசாம்பிக்கில் வேட்டைக்காரர் ஜாக் லாட்டை ஒரு காட்டெருமை முட்டிப் பந்தாடியது. அடி உடம்புக்கு; கோபமோ வலு போதாத .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவின் மேல். 1971இல் அவர் உருவாக்கிய .458 லாட் அதைவிட நீளம், வேகமும் கூடுதல்.

குண்டின் விட்டம் அதேதான். உறை மட்டும் 2.5 அங்குலத்திலிருந்து 2.8 ஆனது.

பழைய .458 தோட்டாவுக்கான ரைஃபிளையும் லாட்டுக்கு மாற்றலாம்; ரூகர் நம்பர் 1 போன்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு இது வாகான மாற்றம். மேகசினே இல்லை, தோட்டா நீண்டால்தான் என்ன? குழலை மாற்றாமல், தோட்டா அறையை மட்டும் ரீமரால் ஆழப்படுத்துகிறார் கைதேர்ந்த துப்பாக்கிக் கம்மியர். எண்ணெய் விட்டு ஒரு சுற்று, எஃகுத் துருவலைத் துடைத்து ஓர் அளவு, மறுபடி ஒரு சுற்று. மயிரிழை கூடினாலும் சீவிய எஃகு திரும்பி வராது.

மாற்றிய பிறகும் பழைய .458 தோட்டாவை அதே துப்பாக்கியில் சுடலாம்.