செத்த பிஸ்டனின் சாட்சியம்

யமஹா பான்ஷீ என்ற ஏடிவி வண்டி 1987-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2006 வரை அங்கே விற்றது. மணல்மேடு ஏறுவதற்கென்றே பலர் வாங்கிய வண்டி. அதன் 347 சிசி இன்ஜின் ஆர்டி350எல்சி பைக்கின் வழி வந்தது: 64 மில்லிமீட்டர் போர், 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி கார்புரேட்டர், தண்ணீர்க் குளிர்ச்சி. எண்பதுகளில் நம் சாலைகளில் ஓடிய ராஜ்தூத் 350-க்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக்தான். காற்றில் குளிரும் இன்ஜின் என்பதால் அதைப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கிளாமிஸ் மணற்காட்டில் ஒரு மேட்டை ஏறி முடிக்கும்வரை த்ராட்டிலை விட முடியாது. விட்டால் மணல் பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் ஒரு பைக் இன்ஜின் சில நொடிகளே காணும் முழுச் சுமையை பான்ஷீ நீண்ட நேரம் இழுக்கிறது. பிஸ்டன் போவது அங்கே அதிசயம் இல்லை. போன இன்ஜினைத் திரும்பக் கட்டுவதை ஒரு கலையாக ரசிக்கலாம். ஆனால் பெரும்பாலோர் ரசிப்பது புதுப் பிஸ்டன் பளபளவென்று உள்ளே இறங்கும் கட்டத்தை. என் கட்சி வேறு. பழைய பிஸ்டனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதே மெக்கானிக்கின் தரம் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த வாசிப்பு சரியா என்று சோதிக்கும் வேலை.

டூ-ஸ்ட்ரோக்கில் இந்த வாசிப்புக்கு இவ்வளவு இடம் கிடைப்பதற்கு அதன் அமைப்பே காரணம். ஃபோர்-ஸ்ட்ரோக்கின் தலையில் இருக்கும் வால்வும் கேம் ஷாஃப்டும் இதில் இல்லை. சிலிண்டர் சுவரில் வெட்டிய போர்ட்டுகளைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனே. பெட்ரோலும் காற்றும் எண்ணெயும் கலந்து முதலில் கிராங்க் அறைக்குள் போய், அங்கே அமுக்கப்பட்டு, பக்கவழிகளில் மேலேறி எரிகின்றன. நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150 முறை தீ. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். எரியும் வாயுவின் வெப்பமோ 2,000-ஐத் தாண்டும். ரிங் வழியாகவும் எண்ணெய்ப் படலம் வழியாகவும் வெப்பத்தைச் சுவருக்குத் தள்ளிவிடுவதாலும், உள்ளே வரும் பெட்ரோல் குளிர்விப்பதாலும்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. எரிபொருள், எண்ணெய், காற்று, தீப்பொறி, குளிர்ச்சி ஆகிய எல்லாம் வந்து சேரும் இடம் அது ஒன்றே. இவற்றில் எது பிசகினாலும் அடி பிஸ்டனுக்கு விழுகிறது. ஆனால் வேறு வேறு இடத்தில் விழுகிறது.

பிஸ்டனின் பக்கச் சுவரில் நான்கு இடத்தில் நெட்டுக்குத்தாகக் கீறல் இருந்தால், இன்ஜின் சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்: பிஸ்டன் விரிந்துவிட்டது, தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் இன்னும் விரியவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தேய்ந்து அலுமினியம் இழுபட்டிருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. பிஸ்டன் தலையின் விளிம்பு பொடிப்பொடியாகக் கொத்தப்பட்டிருந்தால் டெட்டனேஷன், அதாவது தீப்பொறிக்குப் பின் மீதிக் கலவை தானாக வெடிப்பது. பெட்ரோலின் ஆக்டேனும் இக்னிஷன் டைமிங்கும் ஹெட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால், தீப்பொறி பாயும் முன்பே எதுவோ கனன்று கலவையைக் கொளுத்தியிருக்கிறது. வெப்ப எண் தவறான பிளக் முதல் சந்தேகம். இன்டேக் பக்கத்துப் பாவாடை மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மணல் வந்திருக்கிறது. தலையின் அடிப்பக்கத்தையும் பார்க்காமல் விடக் கூடாது. அங்கே கருகிப் படிந்த எண்ணெய், மேலே எவ்வளவு சூடு இருந்தது என்பதைக் காட்டும். பான்ஷீயில் இன்னொரு வசதி உண்டு. ஒரே டேங்க், ஒரே எண்ணெய்க் கலவை, ஒரே ஓட்டுநர்; பிஸ்டன் மட்டும் இரண்டு. எண்ணெய் கலக்க மறந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்பட வேண்டும். இடது பக்கம் மட்டும் போயிருந்தால், அந்தப் பக்கத்து கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கலாம். இல்லையேல் மேக்னட் பக்கத்து கிராங்க் சீல் கிழிந்து வெளிக்காற்றை உறிஞ்சியிருக்கலாம். வலது சீல் கிழிந்தால் கதை வேறு: அது கியர்பாக்ஸ் எண்ணெயை இழுக்கும், புகை தள்ளும், பிளக் நனையும். சாகாத பிஸ்டனைச் செத்த பிஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கின் நிதானத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்லும் ஜோசியம் என்று ஒருவர் மறுக்கலாம். பிஸ்டன், ரிங், பின், லாக், கேஸ்கெட் எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாகக் கிடைக்கும்போது, போர் போட்டு மாட்டிவிட்டால் வண்டி ஓடாதா? ஓடும். சீல் கிழிந்த இன்ஜினில் புதுப் பிஸ்டனும் பழையதன் வழியே போகும், அவ்வளவுதான். ஜோசியத்துக்கும் இதற்கும் வித்தியாசம், இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்துவிட்டு, கை பம்ப்பால் சுமார் 6 பிஎஸ்ஐ காற்றை உள்ளே ஏற்றி முள்ளைக் கவனிக்கிறார்கள். சில நிமிடங்களில் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி எங்கே வருகிறது என்று தேடுகிறார்கள். பிஸ்டன் சொன்ன இடத்திலேயே குமிழி கிளம்பினால் வழக்கு முடிந்தது. இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பு ஒருமுறையும் கட்டிய பின்பு ஒருமுறையும் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் குறைவு.

கிட்காரர்கள் மறக்கும் இன்னொன்று, கீழே விழுந்த உலோகம். உருகி உதிர்ந்த அலுமினியத் துணுக்கு கிராங்க் அறைக்குள்தான் போகிறது, கலவை மேலேறுவதும் அதே வழியில்தான். பேரிங்குக்குள் புகுந்த துணுக்கை மேலிருந்து பெட்ரோல் ஊற்றிக் கழுவி எடுத்துவிட முடியாது. ஓட்டை விழுந்த பிஸ்டன் என்றால் கிராங்க் அறையைப் பிளந்தே ஆக வேண்டும். செலவு இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்வதும் கைத்திறனில் சேர்த்தி.

லேத் பட்டறைக் கட்டத்தைக் குறைத்து மதிப்பதாக நினைக்க வேண்டாம். பான்ஷீயின் ஸ்லீவ் வார்ப்பிரும்பு. அதில் ஒட்டிய அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தின்றுவிடும். எஞ்சியிருப்பது நிஜக் கீறலா, ஒட்டிய பூச்சு மட்டுமா என்பது அப்போது தெரியும். பிறகு ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் அளந்து, அந்தப் பிஸ்டனுக்கென்றே போர் போடுகிறார்கள். ஹோனிங் முடிந்ததும் போர்ட் விளிம்புகளை மழுக்க வேண்டும்; கூராக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். கடைசியாகச் சுடுதண்ணீரும் சோப்பும். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் கல்லின் பொடி சுவரின் கோடுகளுக்குள் தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவுகிறார்கள்.

எல்லா அளவும் கம்பெனி மேனுவலில் இருக்கும்போது ரசனைக்கு இங்கே என்ன வேலை என்றும் கேட்கலாம். மேனுவல் தரும் இடைவெளி, கம்பெனி வார்த்த பிஸ்டனுக்கு உரியது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரிவதால் கூடுதல் இடைவெளி கேட்கும். சைலன்சரை மாற்றியவருக்கு மேனுவலின் ஜெட் எண் உதவாது. பயந்துபோன சொந்தக்காரர் பாதுகாப்புக்கென்று டேங்கில் எண்ணெயைக் கூட்டிக் கலப்பதும் உண்டு. ஜெட்டை மாற்றாமல் எண்ணெயைக் கூட்டினால், அதே துளை வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது; எந்தக் குறையால் முதல் பிஸ்டன் செத்ததோ அதே குறை. மேனுவல் ஆரோக்கியமான இன்ஜினைப் பற்றிப் பேசுகிறது. இந்த இன்ஜினுக்கு என்ன நேர்ந்தது என்று அதற்குத் தெரியாது.

டூ-ஸ்ட்ரோக் எரியாத கலவையில் ஒரு பங்கை எக்ஸாஸ்ட் வழியே வீணாகத் துப்புகிறது, காற்றைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. அது உண்மை, சட்டம் அதை ஓரங்கட்டியதும் சரியே. இன்ஜினுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. வாசிப்புக்கும் எல்லை உண்டு என்பதுதான் எனக்குக் கூர்மையான ஆட்சேபம். பிஸ்டன் முழுக்க உருகி, சீலும் சிதைந்து, சாட்சியே எரிந்துபோன இன்ஜின்கள் வரத்தான் செய்கின்றன. அப்போது நல்ல மெக்கானிக் ஊகித்துக் கதை கட்டுவதில்லை. இரண்டு சீல், இரண்டு இன்டேக் ரப்பர், அந்த ரப்பர்களை இணைக்கும் குழாய், ஜெட், பிளக் என்று சந்தேகத்துக்கு இடமான எல்லாவற்றையும் மாற்றி, காரணம் கிடைக்கவில்லை என்று பில்லிலேயே எழுதிவிடுகிறார். முதல் சில மணி நேரம் ஓடியதும் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்.